சப்ரகமுவக் காட்டின் செரண்டிப் ஆந்தை

பூநாரைக் கூட்டங்களைக் காண விரும்புவோர் மன்னார், வங்காலைக்குப் பயணம் செய்வதுண்டு. ஆனால், உலகில் வேறெந்த நாட்டிலும் காணமுடியாத ஒரு பறவை சப்ரகமுவத் தோட்டங்களுக்கு அப்பாலுள்ள காடுகளிலேயே வாழ்கின்றது. அதனை அறிந்தோர் எம்மிடையே மிகச் சிலரே.

1995 ஆம் ஆண்டு கேகாலை மாவட்டத்தின் கித்துல்கல காட்டில், இரவில் ஒலித்த மெல்லிய, நடுங்கும் குரலொன்று பறவையியலாளர் தீபால் வரகாகொடவின் கவனத்தை ஈர்த்தது. அறியப்பட்ட எந்தப் பறவையின் குரலும் அதுவன்று. அக்குரலுக்குரிய பறவையை அவர் கண்ணாற் கண்டது 2001 ஜனவரி 23 ஆம் திகதி, சிங்கராஜ வனத்தில். செவியில் விழுந்ததற்கும் கண்ணிற் பட்டதற்கும் இடையில் ஆறு ஆண்டுகள்! 2004 இல் அமெரிக்க அறிஞர் பமேலா ரஸ்முசனுடன் இணைந்து அதனைப் புதிய இனமாக அறிவித்தார். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இலங்கையில் புதிய பறவையினம் எதுவும் கண்டறியப்பட்டிருக்கவில்லை. அரபு வணிகர் இத்தீவுக்கு வழங்கிய செரண்டிப் என்ற பெயரே ஆந்தைக்கும் சூட்டப்பட்டது.

ஏறத்தாழ 16 சென்றிமீற்றர் நீளமும், கரும்புள்ளிகள் இட்ட செம்பழுப்பு இறகுகளும் கொண்டது இச்சிற்றாந்தை. இதன் உறவினங்களுக்குத் தலையில் காதுபோல் எழுந்து நிற்கும் இறகுக் கொத்து இதற்கில்லை. பகல் முழுவதும் தரைக்கு அண்மையில் புதர்களுக்குள் அசையாதிருந்து, நன்கு இருண்ட பின்னரே பூச்சிகளைத் தேடி வெளிவரும். ஆந்தை அலறினால் கேடு வரும் என்று அஞ்சுவோர் தோட்டங்களில் இன்றும் உள்ளனர். இதன் குரலோ அலறலே அன்று.

இதன் விஞ்ஞானப் பெயர் திலோ ஹொஃப்மனை நினைவுகூர்கின்றது. சிங்கராஜவில் ஒட்டுப்பலகைக்காக மரம் வெட்டப்பட்டபோது அதனை எதிர்த்து முன்னின்று போராடியவர் அவர். 1977 இல் அவ்வேலை நிறுத்தப்பட்டது. 1988 இல் சிங்கராஜ உலக மரபுரிமையாயிற்று. அன்று அக்காடு காக்கப்படாதிருந்தால், 2001 இல் அவ்விடத்தில் இப்பறவையைக் கண்டிருக்க இயலுமா?

இந்த ஆந்தை வாழ்வது தாழ்நில மழைக்காட்டிலாகும். தேயிலைக்கும் இறப்பருக்கும் இடம்விட்டு, துண்டு துண்டாய் எஞ்சியதும் அதே காடுதான். காட்டை அழிக்கும் கட்டளையைத் தொழிலாளி இடவில்லை என்பதையும் இங்கு குறிப்பிட வேண்டும். இன்று எஞ்சியுள்ள முதிர்ந்த பறவைகள் சில நூறே என மதிப்பிடப்படுகின்றது. அருகிவரும் இனங்களின் பட்டியலில் இது சேர்க்கப்பட்டுள்ளது. பெருமரங்கள் நின்றாலும், கீழேயுள்ள புதர்கள் வெட்டப்பட்டால், பகலில் மறைந்திருக்க இதற்கு வேறிடமில்லை.