சுட்ட புண்ணில் ஒளிந்திருக்கும் எதிரி



லூனாஸ் வட்டாரத்தில் நான் பிறந்து வளர்ந்த தோட்டம் இன்று இல்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. 1996-ல் குலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்ட பிறகு, நம் பிள்ளைகள் பால் வாளிக்குப் பதிலாகக் கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறார்கள். எல்லாம் மாறிவிட்டது. ஆனால் கையைச் சுட்டுக்கொண்டால் முதலில் பற்பசையைத் தேடும் பழக்கம் மட்டும் மாறவில்லை. பற்பசை இல்லாவிட்டால் கிச்சாப்பு!

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் சின்னம்மாவின் நினைவுதான் வரும்.

அப்போது நாங்கள் லயத்தில் இருந்தோம். பிரட்டுக்குப் போகும் முன், இருட்டோடு எழுந்து கோப்பி கலக்க மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்தார் சின்னம்மா. குப்பென்று தீ எழும்பியது. இடது கை, மணிக்கட்டு முதல் முழங்கைக்கு மேல் வரை வெந்துவிட்டது. அக்கம்பக்கத்தார் கிச்சாப்பை ஊற்றினார்கள். தோட்டத்து டிரஸ்ஸர் அதையெல்லாம் கழுவித் துடைத்து, மருந்து தடவிக் கட்டுப்போட்டு, "தினமும் வந்து கட்டு மாற்ற வேண்டும்" என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

சின்னம்மா இரண்டு நாள் போனார். மூன்றாம் நாள் போகவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"கழுவுறப்ப உயிரே போவுதுடா. அங்க போய்க் குந்திக்கிட்டு இருந்தா ஒரு நாள் பேரும் போயிடுது. இப்பதான் மேலாப்புல ஏடு கட்டியிருக்கு. தன்னால ஆறிப்போவும்" என்றார்.

வலது கை நன்றாகத்தானே இருக்கிறது என்று மரம் வெட்டவும் கிளம்பிவிட்டார். ஒரு வாரம் ஆனது. கட்டுத்துணி பச்சையாக ஊறியது. பழம் அழுகியது போல ஒரு வாடை. ராத்திரி குளிர்க்காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டது. லாரியில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பல வாரம் கழித்து உயிரோடு திரும்பி வந்தார். ஆனால் மடங்கிய முழங்கை பிறகு நிமிரவே இல்லை. ஒரு கை முடங்கியவருக்குப் பால்மரத்தில் என்ன வேலை?

ஆறுகிறது என்று சின்னம்மா நம்பினாரே, அந்த ஏட்டைப் பற்றித்தான் இன்று சொல்லப் போகிறேன்.

*அது ஏடு அல்ல, கோட்டை!*

நாள்பட்ட தண்ணீர்த் தொட்டியின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். வழவழவென்று இருக்கும். காலையில் எழுந்ததும் பல்லை நாக்கால் தடவினாலும் அதே பிசுபிசுப்பு. இவை இரண்டும் கோடிக்கணக்கான கிருமிகள் கூடிக் கட்டிய வீடு. டாக்டர்கள் இதைப் 'பயோஃபிலிம்' என்கிறார்கள். தமிழில் உயிர்ப்படலம் எனலாம்.

ஹாலந்து நாட்டில் துணி வியாபாரியாக இருந்த லேவன்ஹூக் என்பவர், தாமே செய்த உருப்பெருக்கியில் பல்லழுக்கை வைத்துப் பார்த்து, அதில் சின்னஞ்சிறு உயிர்கள் நெளிவதைக் கண்டு எழுதினார். அது 1683-ம் வருடம். கிருமிகள் தனித்தனியாக அலைவதைவிட இப்படி ஒட்டிக்கொண்டு கூட்டமாக வாழ்வதே அதிகம் என்பதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் கனடாவைச் சேர்ந்த விஞ்ஞானி காஸ்டர்டன். அவரும் அவரது கூட்டாளிகளும் 1978-ல் எழுதிய கட்டுரை பெயர் பெற்றது.

சுட்ட புண்ணில் இந்தக் கோட்டை எப்படி எழும்புகிறது? தோல்தான் நம் உடம்புக்கு வேலி. தீ அந்த வேலியைப் பொசுக்கிவிடுகிறது. நெருப்பின் சூட்டில் மேலே இருந்த கிருமிகள் செத்துப்போவதால் முதலில் புண் சுத்தமாகவே இருக்கும். ஆனால் மயிர்க்கால்களின் அடியிலும் வேர்வைச் சுரப்பிகளிலும் பதுங்கியிருந்த கிருமிகள் இரண்டு நாளுக்குள் மேலே வந்துவிடும். ஒரு வாரத்துக்குள் 'சூடோமோனாஸ்' போன்ற பொல்லாத கிருமிகள் வந்து சேரும். நம் குடலிலிருந்தும், அழுக்குக் கையிலிருந்தும், ஈரமான இடங்களிலிருந்தும் அவை வருகின்றன. கட்டுத்துணியைப் பச்சையாக்குவதும், அந்தப் பழ வாடையைக் கிளப்புவதும் இந்தச் சூடோமோனாஸின் வேலைதான்.

வெந்து செத்த சதை அவற்றுக்கு நல்ல தீனி. அதில் ஒட்டிக்கொண்டு, பெருகி, தம்மைச் சுற்றி ஒரு பசையைக் கக்கி மூடிக்கொள்கின்றன.

*மருந்து ஏன் தோற்கிறது?*

பால் வெட்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மங்கில் இருக்கும் பால் தண்ணீராக இருக்கும்வரை ஒரு சொம்புத் தண்ணீரில் கழுவிவிடலாம். கட்டிப்பால் ஆன பிறகு எத்தனை வாளி ஊற்றினாலும் போகாது. கையால் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். கிருமியும் அப்படியே!

தனியாகத் திரியும் கிருமியைக் கொல்லும் அளவு மருந்து, பசைக்குள் இருக்கும் கிருமியை ஒன்றும் செய்யாது. சில சமயம் ஆயிரம் மடங்கு வரை கூடுதல் மருந்து வேண்டியிருக்கும். அவ்வளவு கொடுத்தால் ஆள் தாங்குவாரா? மேலும், செத்த சதையில் இரத்த ஓட்டம் இல்லை. ஊசி வழியாகவும் மாத்திரை வழியாகவும் போகும் மருந்து இரத்தத்தோடு ஓடுவது. இரத்தம் போகாத இடத்துக்கு அது எப்படிப் போகும்? பசையின் அடியில் சில கிருமிகள் தூங்கியபடி கிடக்கும். மருந்து நின்றதும் அவை விழித்து மறுபடி பெருகும். கோட்டையிலிருந்து பிரிந்து இரத்தத்தில் கலந்தாலோ, உயிருக்கே ஆபத்து.

1991 மே 7-ம் தேதி சுங்கை பூலோவில் பிரைட் ஸ்பார்க்லர்ஸ் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். 26 பேர் மாண்டார்கள். நூறு பேருக்கு மேல் காயமடைந்தார்கள். அப்படிப்பட்ட தீயை அணைத்துவிடலாம். ஆனால் உடம்பு வெந்தவருக்கு அதன் பிறகுதான் போராட்டமே ஆரம்பம். பெரிய தீக்காயத்தில் முதல் அதிர்ச்சியைத் தாண்டிப் பிழைத்தவர்களைப் பிறகு கொண்டுபோவது பெரும்பாலும் கிருமித் தொற்றுதான்.

*கழுவுவதே வைத்தியம்*

அப்படியானால் வழி? கோட்டையை இடிப்பதுதான்! மிஸ்ஸி கட்டைப் பிரித்து, புண்ணைத் தேய்த்துக் கழுவி, செத்த தோலை எடுக்கிறாரே, அது வெறும் சுத்தம் செய்யும் வேலை அல்ல. அதுவே வைத்தியம். வெள்ளி கலந்த களிம்பும் மற்ற மருந்தும் அதற்குப் பிறகுதான் வேலை செய்யும். ஒரு முறை இடித்தால் போதுமா? போதாது. ஓரிரண்டு நாளில் கிருமிகள் மறுபடியும் கட்ட ஆரம்பித்துவிடும். அதனால்தான் திரும்பத் திரும்ப வரச் சொல்கிறார்கள். வலி பொறுக்க முடியாவிட்டால், "கழுவும் முன் வலி மருந்து கொடுங்கள்" என்று தாராளமாகக் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. போகாமல் இருப்பதில்தான் ஆபத்து.

ஆழமான காயமானால், செத்த சதையைச் சீக்கிரமே சீவி எடுத்து, உடம்பின் வேறு இடத்துத் தோலை அங்கே ஒட்டுகிறார்கள். யூகோஸ்லாவியாவில் ஜான்சகோவிச் என்ற பெண் டாக்டர் இந்த முறையை 1970-ல் எழுதி வெளியிட்டார். அது பல உயிர்களையும் கைகால்களையும் காப்பாற்றியிருக்கிறது. டாக்டர் ஆப்பரேஷன் என்றால் பயந்து ஓடாதீர்கள்.

*மறக்கக் கூடாதவை*

சுட்டவுடன் ஓடுகின்ற பைப்புத் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். கை வீங்கும் முன் மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான துணியால் மூடிக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். பெரிய காயமானால் 999-க்குப் போன் செய்யுங்கள்.

பற்பசை, கிச்சாப்பு, மஞ்சள், எண்ணெய் எதுவும் கூடாது. திருநீறு நெற்றிக்கு, புண்ணுக்கு அல்ல.

பார்க்கப் போகிறவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுப் போங்கள். கட்டிலில் உட்காராதீர்கள்.

முட்டையும் மீனும் கொடுத்தால் சீழ் பிடிக்கும் என்று பத்தியம் போடாதீர்கள். புதுத் தோல் வளர அவைதான் வேண்டும். இனிப்புநீர் உள்ளவர்கள் அதைக் கட்டுக்குள் வைக்க வேண்டும்.

பச்சை நிறம், புது வாடை, காய்ச்சல், கூடுகின்ற வலி, புண்ணைச் சுற்றிப் பரவும் சிவப்பு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே போங்கள்.

சின்னம்மாவைத் தடுத்தது வலி மட்டுமல்ல, ஒரு நாள் கூலியும்தான். இன்று அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. வேலை இடத்தில் சுட்டிருந்தால், டாக்டர் நாலு நாளுக்குக் குறையாமல் லீவு எழுதும்போது, சொக்சோவில் கணக்கிடப்படும் தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். விபத்தை உடனே நிர்வாகத்திடம் சொல்லிப் பதியச் செய்யுங்கள். எம்.சி. சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

சின்னம்மா கடைசிவரை மடங்கிய கையோடுதான் பேரப்பிள்ளைகளைத் தூக்கினார். "அன்னைக்கு அந்த டிரஸ்ஸர் சொன்னதைக் கேட்டிருக்கலாம்" என்று அடிக்கடி சொல்வார். அவர் தவறவிட்டது நாலைந்து கட்டுகள். கொடுத்த விலை ஒரு கை.

உங்கள் வீட்டில் யாராவது, "ஏடு கட்டிடுச்சு, இனிமே போக வேண்டாம்" என்று சொன்னால், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போங்கள்!