கிலோமீட்டர் கல்லை நகர்த்தாதீங்க: ரிலீஸ் பிராஞ்சும் டேக்கும்

மெர்ஜ் கான்ஃப்லிக்ட் எபிசோடுக்கு அப்புறம் அதிகமா வந்த கேள்வி இதுதான்: "எங்க டீம்ல மெயின்ல இருந்தே ரிலீஸ் பண்றோம், நல்லாத்தான் போகுது. தனியா ரிலீஸ் பிராஞ்ச், டேக் எல்லாம் எதுக்கு?"

என் பதில் ஒரே வரி. "கஸ்டமர்கிட்ட இப்ப ஓடுறது எந்த கோட்?" என்று யாராவது கேட்டால், ரெண்டு நிமிஷத்துல சரியான பதில் சொல்ல முடியணும். அதுக்குத்தான் இவ்வளவும். எப்படின்னு பார்ப்போம்.

தண்டவாளமும் கல்லும்

செங்கல்பட்டு ஜங்ஷன் தெரியும்ல? தாம்பரத்துல இருந்து வர்ற லைன் அங்க பிரியுது. ஒண்ணு விழுப்புரம் பக்கம் போகுது, இன்னொண்ணு காஞ்சிபுரம் வழியா அரக்கோணம். செங்கல்பட்டு வரைக்கும் ரெண்டுக்கும் பாதை ஒண்ணு, அதுக்கப்புறம் தனித்தனி. பிராஞ்ச் என்பதும் அதேதான். பிரிஞ்ச இடம் வரைக்கும் பொது வரலாறு, அதுக்கப்புறம் அவங்கவங்க கமிட்.

கிட்டுக்குள்ள பார்த்தா பிராஞ்ச் ரொம்பச் சின்ன விஷயம். 40 எழுத்து நீளமுள்ள ஒரு கமிட் எண்ணுக்கு வெச்ச பேர், அவ்வளவுதான். புது கமிட் போட்டதும் அந்தப் பேர் புது கமிட்டுக்கு நகர்ந்துடும். டேக்கும் ஒரு கமிட்டுக்கு வெச்ச பேர்தான், ஆனா அது நகராம அங்கேயே நிக்கும். பிராஞ்ச் நீண்டுகிட்டே போற தண்டவாளம்னா, டேக் அதோட ஓரத்துல நட்ட கிலோமீட்டர் கல்.

பள்ளிக்கூட லேப்டாப்ல இருந்த பாடம்

தமிழ்நாடு அரசு 2011-ல ஆரம்பிச்ச விலையில்லா லேப்டாப் உங்களில் பல பேருக்குக் கிடைச்சிருக்கும். அதுல விண்டோஸோட சேர்ந்து 'பாஸ்' லினக்ஸும் இருந்தது, ஞாபகம் இருக்கா? சென்னை சிடாக்ல உருவான அந்த பாஸ், டெபியன் மேல கட்டினது. ரிலீஸ் பிராஞ்ச் என்றால் என்னன்னு புரிய டெபியனைவிட நல்ல உதாரணம் கிடையாது.

டெபியன்ல புது பேக்கேஜ் முதல்ல 'அன்ஸ்டேபிள்'ல வரும். அங்க பெரிய பிரச்சினை இல்லைன்னா 'டெஸ்டிங்'குக்குப் போகும். சுமார் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை டெஸ்டிங்கை 'ஃப்ரீஸ்' பண்ணி, பிழைகளைச் சரி பண்ணி, 'ஸ்டேபிள்' என்று வெளியிடுவாங்க. ஸ்டேபிள் ஆன பிறகு புது வசதிகளுக்கு கேட் மூடியாச்சு. பாதுகாப்புத் திருத்தமும் முக்கியமான பிழைத் திருத்தமும் மட்டும்தான் உள்ள வரும்.

இதோட மதிப்பு 2014 ஏப்ரல் 7 அன்னைக்குத் தெரிஞ்சுது. அன்னைக்குத்தான் ஹார்ட்பிளீட் வெளியே வந்தது. இணையத்துல ஏகப்பட்ட சர்வர்கள் பயன்படுத்தின ஓப்பன்எஸ்எஸ்எல்ல ஒரு ஓட்டை. சர்வரோட மெமரியில இருக்கிற ரகசியத்தை வெளியில இருந்தே எடுக்கலாம். 2012-ல வந்த 1.0.1-ல இருந்து 1.0.1எஃப் வரைக்கும் பாதிப்பு. 1.0.1ஜி-ல சரி பண்ணியாச்சு. பழைய 1.0.0, 0.9.8 பிராஞ்சுகள்ல அந்த ஓட்டையே கிடையாது.

கவனிங்க, உலகம் முழுக்க அட்மின்கள் கேட்ட முதல் கேள்வி "நம்மகிட்ட எந்த வெர்ஷன்?" என்பதுதான். அதுக்குப் பதில் தெரிஞ்சவங்க அன்னைக்கே வேலையை ஆரம்பிச்சாங்க.

டெபியன் 7-ல இருந்தது 1.0.1இ. அவங்க 1.0.1ஜி-க்குத் தாவலை. அந்த ஒரு திருத்தத்தை மட்டும் எடுத்து 1.0.1இ-ல ஒட்டி, வெர்ஷன் எண்ணோட வால்ல ஒரு குறி சேர்த்து வெளியிட்டாங்க. ஆபத்து நேரத்துல கஸ்டமருக்குத் திருத்தம் மட்டும் போகணும், உங்க அரைகுறை புது ஃபீச்சர் கூடவே போகக் கூடாது. மெயின்ல இருந்து மட்டுமே ரிலீஸ் பண்ற டீமுக்கு, மெயின்ல அரைவேலை கிடக்கும்போது இந்த வசதி கிடையாது.

கல்லை நகர்த்தினால்?

டேக் நகராதுன்னு சொன்னேன். உண்மையில், நகர்த்தணும்னு நினைச்சா நகர்த்தலாம், கிட் விடும். ஆபத்தே அங்கதான்.

2025 மார்ச்ல நடந்தது இது. கிட்ஹப் பில்டுகள்ல பயன்படுற 'டிஜே-ஆக்‌ஷன்ஸ்' என்ற தொகுப்புல 'சேஞ்ச்டு-ஃபைல்ஸ்' என்று ஒரு கருவி இருக்கு. 23,000-க்கும் மேற்பட்ட ரெப்போக்கள் அதைப் பயன்படுத்திட்டு இருந்தன. உள்ள புகுந்த ஆள், அதோட பழைய வெர்ஷன் டேக்குகளை எல்லாம் ஒரு விஷமக் கமிட்டுக்குத் திருப்பி விட்டார். டேக் பேரை நம்பி இருந்தவங்களோட பில்ட் லாக்ல பாஸ்வேர்டும் டோக்கனும் கொட்ட ஆரம்பிச்சது. அவங்க தங்களோட ஃபைல்ல ஒரு வரியைக்கூட மாத்தலை! டேக் பேருக்குப் பதிலா முழு கமிட் எண்ணையே எழுதி வெச்சிருந்தவங்க பக்கம், அந்த எண் பழைய நல்ல கோடையே காட்டிட்டு இருந்தது.

கெட்ட எண்ணம் இல்லாம நகர்த்தினாலும் குழப்பம்தான். 1.2-ஐ புஷ் பண்ணிட்டு, ஒரு பிழையைப் பார்த்துட்டு, அதே பேரை அடுத்த கமிட்டுக்கு மாத்தினால் என்ன ஆகும்? ஏற்கெனவே எடுத்தவங்ககிட்ட பழைய 1.2 அப்படியே இருக்கும், ஃபெட்ச் பண்ணினாலும் தானா மாறாது. ஒரே பேர்ல ரெண்டு கோட்! அதனால 1.2.1-னு புதுசா போடுங்க. எண்ணுக்கா பஞ்சம்?

சின்ன டீமுக்கு எவ்வளவு போதும்?

வெப் ஆப், எல்லாருக்கும் ஒரே வெர்ஷன், தினமும் டிப்ளாய் பண்றீங்கன்னா மெயினும் டேக்கும் போதும். 2010-ல 'கிட் ஃப்ளோ' முறையை எழுதின வின்சென்ட் டிரீசனே, 2020-ல இந்த மாதிரி டீம்களுக்கு எளிமையான முறையே நல்லதுன்னு குறிப்பு சேர்த்தார்.

மொபைல் ஆப், கஸ்டமர் இடத்துல இன்ஸ்டால் ஆகுற சாஃப்ட்வேர், பல வெர்ஷன் ஒரே நேரத்துல உயிரோட இருக்கிற பொருள் என்றால் ரிலீஸ் பிராஞ்ச் வேணும். அதுக்கு என் பழக்கங்கள் நாலு:

ஒண்ணு, திருத்தத்தை முதல்ல மெயின்ல போடுங்க, அப்புறம் செர்ரி-பிக் பண்ணி ரிலீஸ் பிராஞ்சுக்குக் கொண்டு வாங்க. லினக்ஸ் கெர்னலோட ஸ்டேபிள் விதியும் இதேதான். இல்லைன்னா அடுத்த ரிலீஸ்ல அதே பிழை திரும்பி வரும்.

ரெண்டு, 'அனோட்டேட்டட்' டேக் போடுங்க. யார், எப்போ, எதுக்குப் போட்டாங்கன்னு அதுக்குள்ளேயே இருக்கும்.

மூணு, சும்மா புஷ் பண்ணினா டேக் போகாது. அதைத் தனியா புஷ் பண்ணணும். "என் மெஷின்ல டேக் இருக்கே" என்ற சண்டை பாதி இதனாலதான்.

நாலு, ரிலீஸ் டேக்குகளை யாரும் அழிக்கவோ மாத்தவோ முடியாதபடி சர்வர்லயே பூட்டுங்க. கூடவே, பில்ட் ஆகும்போது கமிட் எண்ணை ஆப்போட 'அபௌட்' பக்கத்துல பதிய வைங்க.

ராத்திரி 11 மணிக்கு சப்போர்ட் டீம்ல இருந்து போன் வந்தா, அந்த எண்ணை அவங்க படிச்சுச் சொன்னாலே போதும், எந்த கோடுன்னு தெரிஞ்சிடும்.

உங்க டீம்ல எப்படிப் பண்றீங்கன்னு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல ரீபேஸ் பத்திப் பேசலாம்.