இடித்த பிறகும் அடங்காத மனை

ரங்கூன் பல்கலைக்கழகத்தின் மாணவர் சங்கக் கட்டடத்தில்தான் பர்மாவின் அரசியல் நடை பழகியது. சங்கத் தலைவர் ஊ நு. செயற்குழுவில் ஆங் சான். ஆங் சான் ஆசிரியராக இருந்த ‘ஓவே’ இதழில் பல்கலைக்கழக அதிகாரி ஒருவரை நரகத்து நாய் என்று சாடிப் பெயர் போடாத கட்டுரை ஒன்று வந்தது. எழுதியது யார் என்று நிர்வாகம் குடைந்தது. ஆங் சான் வாய் திறக்கவில்லை. அவரையும் ஊ நுவையும் நீக்கினார்கள். 1936 பிப்ரவரியில் மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியேறி ஷ்வேடகோன் பகோடாவில் போய் உட்கார்ந்தார்கள். தேர்வைத் தள்ளிவைத்து, நீக்கத்தையும் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. பிற்பாடு ஆங் சான் விடுதலைப் போரின் தலைவர், ஊ நு விடுதலைபெற்ற நாட்டின் முதல் பிரதமர்.

வெள்ளைக்காரன் விட்டுவைத்த அந்தக் கட்டடத்தைச் சொந்த நாட்டு ராணுவம் விட்டுவைக்கவில்லை. 1962 மார்ச்சில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். விடுதிக் கதவை இரவு எட்டு மணிக்கே பூட்டும் புதிய கெடுபிடி வந்தது. அதை எதிர்த்து ஜூலை 7 அன்று திரண்ட மாணவர்கள்மீது துப்பாக்கிச் சூடு. செத்தவர்கள் என்று அரசு சொன்ன கணக்கு இருபதைத் தொடவில்லை. மாணவர்கள் நூற்றுக்கு மேல் என்றார்கள். மறுநாள் விடிகாலை, டைனமைட் வைத்துக் கட்டடத்தைத் தகர்த்தார்கள்.

கட்டடம் போனதும் கதை முடிந்துவிடும் என்று நினைத்திருப்பார்கள். 1974-இல், ஐ.நா. முன்னாள் பொதுச்செயலாளர் ஊ தாண்டின் உடல் ஊர் வந்தது. அரசு மரியாதை இல்லை. மாணவர்கள் சவப்பெட்டியைக் கைப்பற்றி வளாகத்துக்குக் கொண்டுவந்தார்கள். புதைக்க அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் எது தெரியுமா? சங்கம் நின்ற அதே மனை. அவசர அவசரமாகச் சமாதி எழுப்பினார்கள். டிசம்பர் 11 நள்ளிரவு தாண்டியதும் படை உள்ளே புகுந்து பெட்டியைத் தோண்டி எடுத்துப்போய் ஷ்வேடகோன் அருகே அடக்கம் செய்தது. வெற்று மனைக்கே இத்தனை பயம் என்றால், கட்டடம் நின்றிருந்தால் என்ன செய்திருப்பார்களோ!

1996 மாணவர் போராட்டத்துக்குப் பின் அரசு இன்னொரு வழி கண்டது. இளநிலை மாணவர்களை நகருக்கு வெளியே தொலைதூர வளாகங்களுக்கு விரட்டியது. மாணவனே இல்லாத இடத்தில் சங்கம் எதற்கு? மரமடர்ந்த அந்தப் பெரிய வளாகத்தில் புல் வளர்ந்தது. 2013 டிசம்பரில்தான் மறுபடி இளநிலை வகுப்புகள் தொடங்கின. சங்கக் கட்டடத்தைப் பழைய இடத்திலேயே எழுப்பித் தரவேண்டும் என்ற குரலும் கூடவே உரத்தது. 2021 பிப்ரவரியில் ஆட்சி மீண்டும் ராணுவத்தின் கைக்குப் போனது. வளாகத்து இளைஞர்கள் மீண்டும் தெருவுக்கு வந்தார்கள்.

1962-இல் அந்தக் கட்டடத்துக்கு வெடி வைக்கச் சொன்னது யார்? 1988 ஜூலையில் பதவி விலகும்போது நே வின் தாமாகவே அந்தப் பேச்சை எடுத்தார். தமக்குத் தொடர்பில்லை, உத்தரவு கொடுத்தது தம் அப்போதைய சகா ஆங் ஜீ என்றார். இருபத்தாறு ஆண்டுகள் நாட்டையே ஆட்டிப்படைத்தவர், அந்த ஒரு காரியத்தை மட்டும் தம் கணக்கில் வைத்துக்கொள்ள விரும்பவில்லை. ஆங் ஜீயும் அதை ஏற்கவில்லை.