கழற்றும் வயது

மாணவன் கழுத்தில் தாயத்தைக் கண்டதும் 'மூடநம்பிக்கை, கழற்று' என்பவர்கள் நம்மில் உண்டு. காய்ச்சலுக்கு மருந்துதான் வேண்டும் என்று நானும் வகுப்பில் சொல்வேன், கழற்றச் சொல்வதில்லை. அதற்கென்றே ஒரு வயது இருந்திருக்கிறது.

பண்டைய ரோமில் குடிமக்களின் ஆண்பிள்ளைகள் 'புல்லா' என்ற காப்புக் கூட்டைக் கழுத்தில் அணிந்தனர். செல்வர் வீட்டில் பொன். எளியவர் வீட்டில் தோல். ஏறத்தாழ 16 வயதில், பெரியவர்களுக்குரிய டோகா உடுத்தும் நாளில், அதைக் கழற்றி வீட்டுத் தெய்வங்களுக்குப் படைத்தனர்.

நம் ஐம்படைத்தாலி, திருமாலின் சங்கு, சக்கரம், வாள், கதை, வில் ஆகியவற்றைச் சிறிதாகச் செய்து கோத்தது. போர்க்களம் புகுந்த பாண்டியன் நெடுஞ்செழியன் அந்தத் தாலியைக்கூட இன்னும் களையவில்லை என வியக்கிறது புறநானூற்றின் 77ஆம் பாடல். அதை நடத்தும்போது, வீட்டில் தாயத்தை எந்த வயதில், யார் கழற்றுவார்கள் என்று கேட்டுவரச் சொல்கிறேன். பெரும்பாலும் பாட்டிகளிடம்தான் விடை இருக்கிறது.