பருக்கை அளவு பிடிமானம்

மணியாச்சியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். திருநெல்வேலியில் கல்லூரி முடிந்து, சாயங்கால ரயிலில் அக்கா மகள் வந்து சேர்ந்தாள். அவள் பேசப் பேச வாயையே பார்த்துக்கொண்டிருந்த என் அம்மா சொன்னார்:

“ஏட்டி, வாயக் கொப்புளிச்சிட்டு வா. பல்லுல சோத்துப் பருக்கை ஒட்டியிருக்கு.”

“பருக்கை இல்ல ஆச்சி. பல் டாக்டர் ஒட்டிவிட்டது.”

அம்மா சொன்னதில் தப்பில்லை. பல்லின் நிறத்தில், பருக்கையைவிடச் சற்றே சிறிதாக, கோரைப்பல்லிலும் அதை அடுத்த பற்களிலும் மேடு மேடாக ஒட்டியிருந்தன. அட்டாச்மென்ட் என்பது அவற்றின் பெயர். கம்பி கட்டாமல், கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் உறை மாட்டிப் பல்லைச் சீராக்குவதாகச் சொல்லும் விளம்பரங்களில் இந்த மேடுகளைப் பெரும்பாலும் காட்டுவதில்லை. கடினமான வேலையில் பாதி இவற்றின் மேல்தான் நடக்கிறது.

அந்த உறைக்கு அலைனர் என்று பெயர். முக்கால் மில்லிமீட்டர் கனமுள்ள பிளாஸ்டிக். பல் இப்போது இருக்கும் இடத்துக்கு அளவெடுத்து அதைச் செய்வதில்லை. பல் அடுத்து வந்து சேரவேண்டிய இடத்துக்குச் செய்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு உறைக்குச் சுமார் கால் மில்லிமீட்டர். மாட்டியதும் பிளாஸ்டிக் விறைத்து, தன் வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும். அந்த விறைப்பு பல்லைத் தள்ளும். பல்லுக்கும் தாடை எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டருக்கும் குறைவான கனத்தில் ஒரு தசைநார் உண்டு. அது நசுங்குகிற பக்கம் எலும்பு கரைகிறது, இழுபடுகிற பக்கம் புது எலும்பு வளர்கிறது. பல் நகர்வது இப்படித்தான். ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் உறை வாயிலேயே இருக்கவேண்டும். ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடுத்த உறை.

சாய்ந்த முன்பல்லைத் தள்ள இந்த உறையே போதும். சிக்கல் கோரைப்பல்லிலும் அதற்கு அடுத்த முன்கடைவாய்ப் பல்லிலும் வருகிறது. அவை உருண்டை. முறுக்கிக்கொண்டு நிற்கும் உருண்டைப் பல்லை வழவழப்பான உறை எங்கே பிடித்துத் திருப்பும்? எங்கள் ஊர்ப் பழைய வீடுகளில் இன்னும் கிடக்கும் திருகையை நினைத்துக்கொள்ளுங்கள். மேல்கல்லில் செருகிய கைப்பிடிக் குச்சி இல்லையென்றால், எவ்வளவு பலசாலி ஆனாலும் உள்ளங்கை கல்லின் மேல் வழுக்கும். பல்லில் ஒட்டிய மேடுதான் அந்தக் கைப்பிடி. உறையில் அதே இடத்தில் அதற்கேற்ற குழி இருக்கும். குழியின் ஓரம் மேட்டின் சரிவான முகத்தை அழுத்தும்போது பல் திரும்புகிறது. மேலே ஏறிக் குட்டையாக நிற்கும் பல்லைக் கீழே இறக்கவும் இதே பிடி வேண்டும்.

வேரை நகர்த்துவது இன்னும் பெரிய பாடு. கரிசலில் நட்ட கல்லுக்காலைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். ஐப்பசி மழையில் மண் ஊறி உப்பும், சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும், கால் சாய்ந்துவிடும். தலையை மட்டும் பிடித்துத் தள்ளினால் அடி இருந்த இடத்திலேயே இருக்க, கால் மறுபக்கம் சாயும். பல்லும் அப்படியே. அடி எலும்புக்குள் இருப்பதால் அதை நேரே தொட வழியில்லை. ஆகவே வெளியே தெரியும் பாகத்தில் மேலே ஒரு பக்கமும் கீழே எதிர்ப்பக்கமும் ஒரே நேரத்தில் அழுத்தி, வேரைத் திருப்புகிறார்கள். அந்த இரட்டை அழுத்தத்துக்கு உறை கால் ஊன்ற இடம் கொடுப்பதும் இந்த மேடுதான்.

இதை ஒட்டும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. பழைய சுவரில் கொத்துப் போடாமல் கொத்தனார் பூச்சு பூசமாட்டார். பல்லிலும் அதே நியாயம். எனாமலில் ஏறத்தாழ 96 சதவீதம் தாது உப்பு, கண்ணாடிபோல வழவழப்பு. 37 சதவீதப் பாஸ்பாரிக் அமிலக் கூழை 15 முதல் 30 விநாடி தடவிக் கழுவினால், கண்ணுக்குத் தெரியாத அளவில் பள்ளங்கள் விழுந்து பல் சுண்ணாம்பு வெள்ளையாகும். பிசின் அந்தப் பள்ளங்களுக்குள் இறங்கும். குழிகளில் பல் அடைக்கும் பிசினை நிரப்பிய மெல்லிய அச்சு உறையை அதன் மேல் பொருத்தி, நீல ஒளி காட்டினால் சில விநாடிகளில் இறுகிவிடும். அச்சைக் கழற்றினால் மேடுகள் மட்டும் பல்லில் நிற்கும். அமெரிக்காவின் மைக்கேல் பூனகோர் 1955-இல் வெளியிட்ட ஆய்வுதான் இந்த முறைக்கு வேர். உலோகத்தில் பெயிண்ட் நன்றாகப் பிடிக்கத் தொழிற்சாலைகளில் அமிலம் பூசுவதை அறிந்து, அதைப் பல்லில் செய்து பார்த்தார் அவர். முதல் அலைனர் நிறுவனம் 1997-இல் கலிபோர்னியாவில் தொடங்குவதற்கு 42 ஆண்டு முன்பே ஒட்டும் வித்தை தயாராக இருந்தது.

ஏதோ ஒரு மேடு ஒட்டினால் போதும் என்பதில்லை. பல் சீரமைப்பு ஆய்வாளர் நீல் கிராவிட்ஸ் குழு 2008-இல் கோரைப்பல் திருப்பத்தை அளந்தபோது, திட்டமிட்டதில் சராசரியாக 36 சதவீதம்தான் நடந்திருந்தது. அட்டாச்மென்ட் வைத்தவர்களுக்கும் வைக்காதவர்களுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. அதற்குப் பிறகுதான் மேட்டின் சரிவும் இடமும் ஒவ்வொரு பல்லுக்கும் தனியாகக் கணக்கிடப்பட்டன. எல்லா அசைவுகளுக்குமான சராசரி 2009-இல் 41 சதவீதமாக இருந்தது, 2020-இல் 50. முன்னேற்றம்தான். ஆனாலும் கணினித் திரையில் காட்டுகிற சிரிப்பு அப்படியே வாயில் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

தமிழ்நாட்டில் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு மிகுந்து, பல்லில் பழுப்புக் கறை விழுந்த தலைமுறைகள் உண்டு. அந்தத் துயரத்துக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது இந்தியத் தர நிர்ணயத்தின் உச்ச வரம்பு. அதற்கு மேல் குடித்து வளர்ந்த பல்லின் மேற்பரப்பு அமிலத்துக்கு எளிதில் இளகாது, பிசின் சரியாகப் பிடிக்காது. மருத்துவர் அமிலத்தைக் கூடுதல் நேரம் வைக்கவோ மேற்பரப்பை முதலில் உரசவோ வேண்டிவரும். போர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் இதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அக்கா மகளுக்கும் ஒருமுறை மேடு ஒன்று பெயர்ந்தது, ஆனால் வேறு காரணத்தால். கோவில்பட்டிக் கடலைமிட்டாய். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் மண்ணின் பண்டம். சாப்பிடும்போது உறையைக் கழற்றிவிடலாம், ஆனால் மேடுகள் பல்லிலேயே இருக்கும் அல்லவா? வெல்லப்பாகு இறுகிய துண்டைக் கோரைப்பல்லால் கடித்தாள், ஒன்று போய்விட்டது. வலி இல்லை, அதனால் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து அடுத்த உறை மாட்டியபோது அந்தப் பல்லுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே இடைவெளி. மற்ற பற்கள் நகர்ந்திருந்தன, அது மட்டும் பின்தங்கிவிட்டது. மறுபடி ஒட்டிக்கொண்டு, பழைய உறைக்கே திரும்பவேண்டியதாயிற்று.

பல் மருத்துவரை நேரில் பார்க்காமலே தபாலில் உறை அனுப்பும் வியாபாரமும் நடந்தது. அமெரிக்காவில் அதில் பெரிய நிறுவனமாக இருந்த ஸ்மைல் டைரக்ட் கிளப் 2023 டிசம்பரில் மூடப்பட்டது, சிகிச்சை பாதியில் நின்றவர்கள் தவித்துப்போனார்கள். தபாலில் உறை வரலாம். பல்லைக் காயவைத்து, அமிலம் தடவி, மேடு ஒட்டும் கை வராது.

அலைனர் போட்டிருக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இரவு பல் தேய்க்கும்போது மேடுகளை விரலால் தடவி எண்ணிப்பாருங்கள். ஒன்று குறைந்தாலும் மறுநாள் காலையிலேயே மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். கடலைமிட்டாயைச் சிறு துண்டாக உடைத்துக் கடைவாயில் போட்டு மெல்லுங்கள்.