துயிலின் அலைகளைக் கண்டறிவது கண்ணோ கணினியோ?

உறங்குபவனது உடல் ஓய்ந்திருப்பினும் மூளை ஓய்ந்திருப்பதில்லை. செருமானிய மருத்துவரான ஹான்ஸ் பேகர் 1924ஆம் ஆண்டில் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்து, 1929இல் அதனை உலகறிய வெளியிட்டார். அடுத்த சில ஆண்டுகளில், அமெரிக்கச் செல்வந்தரும் பௌதிக ஆய்வாளருமான அல்பிரட் லூமிஸ், தமது சொந்த ஆய்வுகூடத்திலே உறங்குவோர் தலையில் மின்வாய்களைப் பொருத்தி, சுழலும் உருளையிற் சுற்றிய தாளில் அவ்வலைகளை இரவு முழுவதும் வரையச் செய்தார். 1935இல் அவரும் துணைவரும் வெளியிட்ட ஆய்வுகளில் ஓர் அலைக்கூட்டம் சிறப்பாகக் குறிக்கப்பட்டது. அது சிறுத்துத் தொடங்கி, நடுவிற் பருத்து, மீண்டும் சிறுத்து அடங்குவது. நூல் சுற்றிய கதிரைப் போல அது தோன்றியமையால் அப்பெயரையே அதற்கு இட்டனர். சுதேசியத் திருநாள் கொண்டாடும் எமது அரியாலையில் தக்கிளியின் வடிவத்தை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆதலின் இக்கட்டுரையில் அதனைத் தக்கிளி அலை என்றே வழங்குவோம்.

மூளையின் நடுவே தலமஸ் எனப்படும் பகுதியிலே தக்கிளி அலை பிறக்கின்றது. அதன் மீடிறன் செக்கனுக்கு 11 முதல் 16 வரை. பெரும்பாலும் 12க்கும் 14க்கும் இடைப்பட்டது. அது அரைச் செக்கனேனும் நீடித்தல் வேண்டும். உறக்கத்தின் இரண்டாம் படியை இனங்காண்பதற்குரிய அடையாளங்களுள் இஃது ஒன்று. பகலிற் கற்றது மனத்திற் பதிவதோடும் இவ்வலைக்குத் தொடர்புண்டு என ஆய்வுகள் பல காட்டுகின்றன. மாணவர்கள் இதனைச் சற்றே கவனிப்பார்களாக. பரீட்சைக்கு முதனாள் விடியும்வரை விழித்திருப்பதால் வரும் நட்டம் கண்ணெரிச்சல் மட்டுமன்று.

இவ்வலைகளை நெடுங்காலம் கண்ணாலேயே கண்டறிந்தனர். றெக்ட்ஷாபனும் கேல்சும் 1968இல் தொகுத்த கைந்நூலின்படி இரவின் பதிவு 30 செக்கன் கொண்ட துண்டுகளாகப் பகுக்கப்பட்டது. தாள் செக்கனுக்கு 10 மில்லிமீற்றர் வேகத்தில் ஓடினால் எட்டு மணி நேர உறக்கத்துக்கு 288 மீற்றர் தாள் செல்லும். அதில் 960 துண்டுகள். ஒவ்வொன்றையும் பார்த்து இஃது இன்ன படியென ஒருவர் குறிக்க வேண்டும். தாள் மறைந்து திரை வந்த பின்னரும் உழைப்பின் தன்மை மாறவில்லை.

அத்துணை உழைத்துக் குறித்தாலும் குறிப்போர் ஒத்துப்போகின்றனரா? அமெரிக்கத் துயில் மருத்துவக் கழகம் 2,500க்கு மேற்பட்ட குறிப்போரின் விடைகளை ஒப்புநோக்கி 2013இல் வெளியிட்ட கணக்கின்படி, பெரும்பான்மை முடிவோடு அவர்கள் ஒத்தது நூற்றுக்கு 82.6. கனவு மிகும் விரைவிழியசைவு உறக்கத்தில் இது 90.5 ஆக உயர்ந்தது. விழிப்புக்கும் உறக்கத்துக்கும் இடைப்பட்ட முதற்படியிலோ 63க்கு இறங்கியது. கைந்நூல் ஒன்று, பதிவும் ஒன்று, முடிவுகள் பல. ஒரே வானத்தைப் பார்த்து வாக்கியமும் திருக்கணிதமும் வெவ்வேறு நாளிற் பண்டிகை குறிப்பதைக் கண்டு பழகிய யாழ்ப்பாணத்தார் இதற்கு வியவார்.

கணினியோ களைப்பதில்லை. ஒரே பதிவை நூறு முறை கொடுப்பினும் ஒரே விடையைத் தரும். குறித்த மீடிறனுடைய அலைகளை மட்டும் வடித்தெடுத்து, அவற்றின் வீச்சம் ஓர் எல்லையைக் கடந்து அரைச் செக்கன் நீடித்தால் தக்கிளி அலையென எண்ணுதல் பழைய முறை. குறை எங்கே புகுகின்றதெனின், அந்த எல்லையிலேதான். வயது ஏற ஏறத் தக்கிளி அலையின் வீச்சம் குறைகின்றது. இளைஞரின் பதிவிற்கேற்ப எல்லை வகுத்த கணினி, அறுபதைக் கடந்தவரின் மெலிந்த அலைகளைக் காணாது விட்டுவிடும். வியர்வையும் ஒரு சங்கடம். தலை வியர்த்தால் மின்வாயின் பதிவு மெல்ல ஏறியிறங்கி ஊசலாடும். அது ஆழ்ந்த உறக்கத்தின் பேரலையைப் போலத் தோன்றும். அனுபவமுள்ள பதிவாளர் அதைக் கண்டதும் மின்விசிறியைப் போடுவார். அறியாத கணினியோ, ஆழ்ந்து உறங்குகின்றார் என எழுதிவைக்கும். எமது சித்திரை வைகாசி இரவுகளை நினைத்தால் இது சிறு விடயமன்று.

2014இல் வெளிவந்த ஆய்வொன்று இவ்விரு திறத்தாரையும் நேர்நேர் நிறுத்தியது. சைமன் வாபியும் கூட்டாளரும் நடுவயதும் முதுமையும் எய்திய 110 பேரின் பதிவுகளை எடுத்து, 24 வல்லுநர், பயிற்சியில்லாத 114 பொதுமக்கள், ஆறு கணினி முறைகள் ஆகிய மூவகையாரிடமும் தக்கிளி அலைகளைக் குறிக்கச் செய்தனர். வல்லுநர் கூட்டாக ஒப்பியதே சரியான விடையெனக் கொள்ளப்பட்டது. தனித்தனி வல்லுநரும், பொதுமக்களின் கூட்டு முடிவும் முன்னின்றன; கணினி முறைகள் பின்தங்கின. பயிலாத மக்களாயினும் பலர் கண் ஒன்றுசேர்ந்தபோது அன்றைய இயந்திரத்தை விஞ்சிற்று.

அன்றைய இயந்திரம் என்று கூறியதற்குக் காரணமுண்டு. 2018இல் ஸ்டான்போட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர் ஏறத்தாழ 3,000 பதிவுகளைக் கொண்டு பயிற்றிய கணினி வலையமைப்பை, அறுவர் குறித்த 70 பேரின் பதிவுகளில் வைத்துச் சோதித்தனர். அலைகளையன்றி உறக்கப் படிகளைக் குறிப்பதே அதன் பணி. அறுவரின் பொது முடிவோடு அது நூற்றுக்கு 87 ஒத்தது. அறுவருள் எவரும் தனித்து அவ்வளவு ஒத்திலர். எமக்கு இதனினும் பெரிதாகத் தோன்றுவது அது விடையளிக்கும் முறை. இரண்டாம் படி என ஒரே சொல்லாய் முடிக்காமல், இரண்டாம் படியாயிருக்க இவ்வளவு வாய்ப்பு, முதற்படியாயிருக்க இவ்வளவு என்று தன் ஐயத்தையும் அளந்து காட்டுகின்றது. மனிதக் கைந்நூலில் ஐயத்திற்குக் கட்டமே இல்லை.

ஆயினும் இங்கே ஒன்றை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். கணினி வென்றது எதனைக் கொண்டு அளக்கப்பட்டது? மனிதர் பலரின் பொது முடிவைக் கொண்டன்றோ! பவுணை நிறுக்கும் தராசுக்கு எடைக்கல் புறத்தே உண்டு. துயிலின் படிகளுக்கோ அத்தகைய எடைக்கல் இல்லை. எனவே எந்த மனிதர், எந்த மக்களின் பதிவைப் பார்த்துக் குறித்தனர் என்ற வினா, கணினி எத்துணை வல்லதாயினும் அகலாது.

இவ்வேறுபாடு நோயாளரைத் தொடும் இடத்தைக் கணக்காற் காட்டுவோம். குறட்டையோடு மூச்சுத் தடைப்படும் நோயினை உறக்கத்தின் மணியொன்றுக்கு எத்தனை தடைகள் என்று அளப்பர். ஐந்தை எட்டினால் நோயென்பர். ஒருவர் எட்டு மணி நேரம் படுத்திருந்தார், ஆறு மணி நேரமே உறங்கினார், தடைகள் 36 எனக் கொள்வோம். ஆறால் வகுத்தால் 6. அவருக்கு நோய் உண்டு. அசையாது விழித்துக் கிடந்த இரண்டு மணியையும் உறக்கமெனக் கணினி எண்ணிவிட்டால் 4.5, அவர் நலமுடையவரென வீட்டுக்கு அனுப்பப்படுவார். மூளையலையைப் பதியாது வீட்டிலே கட்டிப் படுக்கும் கருவிகள், பதிவு ஓடிய நேரம் முழுவதாலும் வகுப்பதால் இவ்வழுவிற்கு இயல்பிலேயே இடங்கொடுக்கின்றன. இரவிற் கண்டி வீதியிலே பேருந்து ஓட்டுபவர் ஒருவராயின் இந்த ஒன்றரை எண்ணின் பொருள் என்னவென்று அன்பர்களே எண்ணுக.

நம் பக்கத்தில் இத்துறை புதியதன்று. 1951இல் சென்னையில் இந்திய நரம்பியற் சங்கத்தைத் தோற்றுவித்த நால்வருள் எஸ். ரி. நரசிம்மன் மூளைமின்னலைப் பதிவில் வல்லவர். மற்றொருவரான பல்தேவ் சிங், ஆனந்த், சின்னா என்போரோடு சேர்ந்து 1961இல் யோகியர் நால்வரின் மூளையலைகளை ஆராய்ந்து வெளியிட்டார். பெங்களூர் நிமான்ஸ் நிறுவனத்தார் 2010இல் வெளியிட்ட ஆய்விலே, விபசனா தியானம் பயில்வோரிடம் எல்லா வயதிலும் ஆழ்ந்த உறக்கம் மிகுந்திருக்கக் கண்டனர். வயதையும் பயிற்சியையும் பொறுத்து அலைகள் இவ்வாறு வேறுபடுமாயின், பிற நாட்டார் பதிவுகளிற் பயின்ற கணினி அரியாலை முதியவர் ஒருவரின் இரவைச் சரியாகப் படிக்கும் என்பதை ஆராயாது ஏற்றல் தகாது.

ஆராய்தற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. 1978இல் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திற் பயின்று வெளியேறிய பழைய மாணவர் நம்மிடையே உளர். எமது ஊரவர் ஐம்பதின்மரின் இரவுகளைப் பதிந்தால் 48,000 துண்டுகள் கிடைக்கும். இரவொன்றுக்கு இரண்டு மணி நேரமெனக் கொள்ளின் ஒருவர்க்கு நூறு மணி நேர வேலை. ஒருவர் குறித்ததை மற்றவர் காணாதவாறு இருவர் குறிப்பாராயின், கணினி எங்கே தவறுகின்றது என்பதோடு, அவ்விருவரும் தமக்குள் எங்கே மாறுபடுகின்றனர் என்பதும் புலனாகும்.