ஆளில்லாத் தீவின் அருமை

போடிமெட்டில் இரு மாநிலங்களின் எல்லையைச் சோதனைச் சாவடி காட்டிவிடுகிறது. கொச்சியிலிருந்து அவ்வழியே மலையிறங்கும் சாலையைப் பற்றி மதுரை, இராமேசுவரம் கடந்து தனுஷ்கோடியை அடைந்தால், எதிரே கடல். அங்கு எல்லையை எவ்வாறு அறிவது?

இராமேசுவரத்திற்கு வடகிழக்கே, பாக் நீரிணையில் உள்ளது கச்சத்தீவு. பரப்பு ஏறத்தாழ 285 ஏக்கர். நன்னீர் இன்மையால் அங்கு நிலையான குடிகள் இல்லை. அந்தோணியார் கோயில் ஒன்று உண்டு. இராமநாதபுரம் ஜமீனுக்கு உரியதென நம்மவர் கொண்ட இத்தீவை இலங்கையும் கோரி வந்தது.

இச்சிறு திடலுக்கு வழக்கு ஏன்? தீவுக்கு உரியவரே அதைச் சூழ்ந்த கடலுக்கும் உரியவர் ஆவர். மீன்வளமும் கடற்காவலும் அதனைப் பொறுத்தே அமைகின்றன. 1974-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் எல்லைக்கோடு தீவுக்கு மேற்கே ஒரு மைல் தொலைவில் வரையப்பட்டது. தீவு இலங்கையின் பாலாயிற்று. நம் மீனவரும் யாத்திரிகரும் அங்குச் சென்றுவர அதில் இடமிருந்தது. ஆயினும், 1976-இல் இரு அரசுகளும் பரிமாறிய கடிதங்கள் எல்லைக்கு அப்பால் மீன்பிடித்தலை விலக்கின.

பிழைப்பின் பொருட்டு மாநில எல்லை கடக்கும் நம்மை எவரும் சிறைப்படுத்துவதில்லை. கடலெல்லை கடக்கும் மீனவரோ படகையும் இழந்து சிறை புகுகின்றனர். ஆகவே, ஆளில்லாத் தீவென்று எதனையும் நாம் எளிதாக எண்ணலாகாது.